தட்டினால் போகுமா தூசி?



மேசையைத் துடைத்து வைக்கிறோம். இரண்டு நாள் கழித்து அதே மேசையின் மீது விரலால் நம் பெயரை எழுதிவிடலாம், அவ்வளவு தூசி! வீட்டு வேலைகளில் மிகவும் சலிப்பூட்டுவது எது என்று கேட்டால், தூசி தட்டுவதுதான் என்று பலரும் சொல்வார்கள். சமைத்தால் சோறு கிடைக்கிறது. துவைத்தால் வெளுத்த துணி கிடைக்கிறது. தூசி தட்டினால் கிடைப்பது தும்மலும், மறுபடியும் அதே வேலையும்தான்.

இந்தச் சலிப்பில் ஒரு பங்கு தூசியின் இயல்பால் வருவது. இன்னொரு பங்கு நாம் அதை விரட்டும் முறையால் வருவது. தட்டிய தூசி மேலே எழுகிறது, மிதக்கிறது, பிறகு பழைய இடத்திலேயே வந்து உட்காருகிறது. அதையே மறுநாள் மறுபடியும் தட்டுகிறோம். ஒரே தூசிக்காக இரண்டு முறை, மூன்று முறை உழைக்கிறோம். இந்த வீண் உழைப்பைக் குறைப்பதற்கு, உயர்நிலைப் பள்ளியில் நீங்கள் படிக்கும் இயற்பியலே போதும்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. தட்டும்போது எழும் தூசியில் ஒரு பகுதி, தட்டுகிறவரின் மூச்சோடு உள்ளே போகிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் அவர் அம்மாவாகவோ, அக்காவாகவோ, பாட்டியாகவோ இருக்கிறார். ஆகவே, தூசியை எப்படிப் பிடிப்பது என்று தெரிந்துகொள்வது நமக்கு நெருக்கமானவர்களின் நுரையீரலைப் பற்றிய விஷயமும் ஆகும்.

தூசியில் என்ன இருக்கிறது?

அலமாரியின் மேலிருந்து ஒரு சிட்டிகைத் தூசியை எடுத்து, வெள்ளைத் தாளில் பரப்பி, கைலென்ஸ் மூலம் பாருங்கள். சாம்பல் நிறப் பொடியாகத் தெரிந்தது, ஒரு சிறிய காட்சிசாலையாக மாறும். தெருவிலிருந்து வந்த மண் துகள்கள், துணியிலிருந்து உதிர்ந்த நூலிழைகள், முடித்துண்டுகள், நம் தோலிலிருந்து உதிர்ந்த செதில்கள், பூச்சிகளின் சிறகுத் துண்டுகள் ஆகியவை தென்படும். லென்ஸுக்கும் எட்டாத மகரந்தத் தூள்களும், பூஞ்சைகளின் வித்துகளும், வாகனப் புகையிலும் ஊதுவத்திப் புகையிலும் கொசுவர்த்திப் புகையிலும் வந்த கரித்துகள்களும் அதில் உண்டு.

இவற்றின் அளவைச் சொல்ல மில்லிமீட்டர் பெரிய அலகு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அலமாரித் தூசியில் உள்ள மண் துகள்களில் பல 5 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். புகைத்துகள்களோ ஒரு மைக்ரானுக்கும் குறைந்தவை. இந்த அளவு வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தூசியின் போக்கு முழுவதையும் இதுவே தீர்மானிக்கிறது.

சாக்பீஸ் விழுகிறது, சாக்பீஸ் தூள் ஏன் விழவில்லை?

உங்கள் வகுப்பில் கரும்பலகை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு சாக்பீஸைப் பலகையின் மீது வைத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் அது கீழே விழுகிறது. அதே சாக்பீஸால் ஒரு கோடு போட்டால் அந்தக் கோடு நாள் முழுவதும் அங்கேயே நிற்கிறது. கோடு என்பதும் சாக்பீஸ் தூள்தானே? செங்குத்தான பலகையில், பசை எதுவும் இல்லாமல், அது எப்படி ஒட்டிக்கொண்டது?

எந்த இரண்டு பொருள்களும் மிக அருகில் நெருங்கினால் அவற்றின் மூலக்கூறுகளுக்கு இடையே ஓர் ஈர்ப்பு விசை உண்டாகிறது. இதை வாண்டர்வால்ஸ் விசை என்பார்கள். 1910-ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற டச்சு நாட்டு அறிஞர் வாண்டர்வால்ஸின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. இந்த விசை சாக்பீஸுக்கும் உண்டு, தூளுக்கும் உண்டு. ஆனால் எடையோடு ஒப்பிடும்போதுதான் வேறுபாடு புரியும்.

ஒரு துகளின் விட்டத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைப்பதாகக் கொள்வோம். அதன் கன அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே எடையும் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஒட்டும் விசையோ ஏறத்தாழ விட்டத்துக்கு நேர்விகிதத்தில் மாறுகிறது. ஆகவே அது பத்தில் ஒரு பங்காகத்தான் குறைகிறது. அப்படியானால், எடையோடு ஒப்பிட ஒட்டும் விசை நூறு மடங்கு பெருகிவிட்டது என்று பொருள். விட்டம் நூறில் ஒரு பங்கானால், இந்த விகிதம் பத்தாயிரம் மடங்கு பெருகும்.

நம் உலகில் புவியீர்ப்பே அரசன். தூசியின் உலகில் ஒட்டும் விசையே அரசன். நிலைக்கண்ணாடி செங்குத்தாகத் தொங்கினாலும் அதன் மேல் தூசி படிவதற்கும், புத்தகத்தைக் கவிழ்த்தாலும் நுண்தூசி உதிராமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

எழுந்த தூசி இறங்க எவ்வளவு நேரம்?

இப்போது நாம் தட்டுகிறோம். ஒட்டியிருந்த துகள்கள் விடுபட்டுக் காற்றில் எழுகின்றன. அவை எப்போது கீழே இறங்கும்?

காற்றில் விழும் பொருளைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. காற்றின் பாகியல் தன்மை அதைத் தடுக்கிறது. சிறிது நேரத்தில் இரண்டும் சமமாகி, துகள் மாறாத வேகத்தில் இறங்கத் தொடங்குகிறது. இதுவே முற்றுத் திசைவேகம். சிறிய கோளத் துகள்களுக்கு இதைக் கணக்கிடும் வழியை, அயர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பணிபுரிந்த ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் 1851-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் காட்டியபடி, முற்றுத் திசைவேகம் துகளின் ஆரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். விட்டம் பாதியானால் வேகம் கால் பங்கு!

நீரைப்போல் மூன்று மடங்கு அடர்த்தி வரை மண் துகளுக்கு உண்டு. நாம் எளிமைக்காக இரண்டு மடங்கு என்று வைத்துக்கொண்டு, அசையாத காற்றில், இரண்டு மீட்டர் உயரமுள்ள அலமாரியின் உச்சியிலிருந்து துகள் தரைக்கு வர ஆகும் நேரத்தைக் கணக்கிடுவோம்.

50 மைக்ரான் துகள்: வினாடிக்கு 15 செ.மீ. வேகம்; சுமார் 13 வினாடி.
10 மைக்ரான் துகள்: வினாடிக்கு 6 மி.மீ. வேகம், சுமார் ஐந்தரை நிமிடம்.
1 மைக்ரான் துகள்: வினாடிக்கு 0.06 மி.மீ. வேகம், சுமார் 9 மணி நேரம்.

இந்தக் கணக்கை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் பெருந்தூசி உடனே தரைக்கு வந்துவிடுகிறது. நாம் பெருக்கி முடித்து, துடைப்பத்தை மூலையில் சாத்தி, வேலை முடிந்தது என்று உட்காரும் நேரத்தில்தான் 10 மைக்ரான் துகள்கள் இறங்கி முடிகின்றன. மிக நுண்ணியவையோ இரவு வரை நம்மைச் சுற்றியே மிதக்கின்றன. மின்விசிறியும் ஓடினால், கேட்கவே வேண்டாம்; இந்த நேரங்கள் இன்னும் நீளும்.

மூச்சுக்குள் ஆழமாகப் போவதும் இந்த நுண்தூசிதான். பெரிய துகள்களை மூக்கிலுள்ள முடியும் சளியும் பெரும்பாலும் தடுத்துவிடும். 10 மைக்ரானுக்குக் குறைந்தவை மூச்சுக்குழாய் வரை செல்லும். 2.5 மைக்ரானுக்குக் குறைந்தவை நுரையீரலின் காற்றறைகளையே எட்டக்கூடும். தூசி உண்ணி என்ற கண்ணுக்கெட்டாத உயிரி ஒன்றும் உண்டு. அதன் நீளம் மில்லிமீட்டரில் கால் பங்குதான். மெத்தையிலும் தலையணையிலும் உதிரும் தோல் செதில்களைத் தின்று வாழ்கிறது. அதன் எச்சம் பலருக்கு ஒவ்வாமையையும், இழுப்பு நோய் உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலையும் தூண்டுகிறது. இழுப்பு உள்ளவர் இருக்கும் அறையில் படபடவென்று தலையணையைத் தட்டக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

டிண்டாலின் பெட்டி

தட்டுவது தூசியை இடம் மாற்றுகிறதே தவிர நீக்குவதில்லை என்று கண்டோம். அப்படியானால் தூசியைப் பிடித்து நிறுத்துவது எப்படி? இந்தக் கேள்விக்கு ஓர் அழகான விடை, ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பே லண்டன் நகரில் கிடைத்தது.

அங்குள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியராக இருந்தவர் ஜான் டிண்டால். காற்றிலுள்ள நுண்துகள்கள் ஒளிக்கற்றையைச் சிதறடிப்பதை அவர் ஆராய்ந்தார். ஓட்டு வீட்டின் கூரையில் ஒரு சிறு இடைவெளி இருந்தால், வெயில் கம்பிபோல் உள்ளே இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நாம் பார்ப்பது உண்மையில் ஒளியின் வழியில் மிதக்கும் தூசியைத்தான். 1870-ஆம் ஆண்டில், தூசியும் நோயும் என்ற பொருள் பற்றி டிண்டால் ஆற்றிய சொற்பொழிவு பெரும் பரபரப்பை உண்டாக்கியது.

பின்னர் தம் சோதனைகளுக்காக அவருக்குத் தூசியே இல்லாத காற்று தேவைப்பட்டது. அவர் ஒரு பெட்டி செய்தார். அதன் உட்புறம் முழுவதும் கிளிசரின் தடவினார். பிறகு பெட்டியை மூடி, சில நாள்கள் அசைக்காமல் வைத்தார். அவ்வளவுதான்! மிதந்த தூசி மெல்ல இறங்கிச் சுவரையும் தரையையும் தொட்டது. தொட்ட துகள் கிளிசரினில் மாட்டிக்கொண்டு மீண்டும் எழவே இல்லை. பிறகு பெட்டிக்குள் ஒளிக்கற்றையைச் செலுத்தியபோது அதன் தடமே தெரியவில்லை. உள்ளே ஒளியைச் சிதறடிக்கத் தூசி இல்லை. அந்தக் காற்றில் திறந்து வைத்த, கொதிக்கவைத்த இறைச்சிச் சாறும் காய்கறிச் சாறும் கெடாமல் இருந்தன.

டிண்டாலின் பெட்டி நமக்குக் கற்பிக்கும் பாடம் எளியது. தூசியை அடிக்காதே, அசைக்காதே. அது இருக்கும் பரப்பைவிட வலுவாகப் பற்றிக்கொள்ளும் வேறொரு பரப்பை அதற்குக் காட்டு. நம் வீட்டில் அந்தப் பரப்பு எது? பிழிந்த ஈரத்துணி!

ஈரத்துணியின் வலிமை

ஒரு துகளுக்கும் ஒரு பரப்புக்கும் இடையே சிறிது நீர் புகுந்தால், நீரின் பரப்பு இழுவிசை அவ்விரண்டையும் சேர்த்து இழுக்கிறது. இது எவ்வளவு வலியது என்று பார்ப்போமா?

10 மைக்ரான் விட்டமுள்ள நம் மண் துகளின் எடை சுமார் 10⁻¹¹ நியூட்டன். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். வழவழப்பான கோளம் ஒன்று நனைந்த சமதளத்தைத் தொடும்போது கிடைக்கக்கூடிய மிகப் பெரிய இழுப்பு, துகளின் ஆரத்தைப் பரப்பு இழுவிசையாலும், அதை 4 பையாலும் பெருக்கக் கிடைக்கும். பெருக்கிப் பாருங்கள்: 4.5 × 10⁻⁶ நியூட்டன். அதாவது எடையைப்போல் நான்கு லட்சம் மடங்குக்கு மேல்! உண்மைத் துகள்கள் கரடுமுரடானவை. ஆகவே இழுப்பு இதைவிடக் குறையும். குறைந்தாலும், தூசியை எழவிடாமல் பிடித்து வைக்க அது தாராளமாகப் போதும்.

ஈரத்துணி இரண்டு வேலைகளைச் செய்கிறது. துகளுக்கும் மேசைக்கும் இடையே நீர் புகும்போது அவற்றுக்கு இடையிலான வாண்டர்வால்ஸ் ஈர்ப்பு தளர்கிறது. அதே நேரத்தில், பருத்தி இழைகளின் நுண்ணிய இடைவெளிகள் நுண்குழாய்களைப்போல் நீரை உறிஞ்ச, நீரோடு துகளும் துணிக்குள் போய்விடுகிறது.

இதனால்தான் துணியை நன்றாகப் பிழிய வேண்டும். சொட்டச் சொட்ட நனைந்த துணியில் இழைகளுக்கிடையே காலியிடம் இல்லை. அதனால் உறிஞ்ச முடியாது. நீரும் தூசியும் மேசையிலேயே சேறாகத் தங்கிவிடும். அந்த நீர் உலரும்போது துகள்களைப் பரப்போடு இழுத்து நெருக்கி ஒட்டிவிடும். ஆழ்குழாய்க் கிணற்று நீராக இருந்தால் அதிலுள்ள உப்பும் வெள்ளைத் திட்டாகப் படியும். ஈரம் பாதி, பிழிதல் பாதி!

வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்கும் நம் ஊர் வழக்கத்திலும் இந்த இயற்பியல் இருக்கிறது. தெளித்த நீர் புழுதித் துகள்களைத் திரட்டிப் பெரிதாக்குகிறது. பெரிய துகள் எழுவதும் அரிது. எழுந்தாலும் உடனே இறங்கிவிடும். வாசலுக்குத் தெரிந்த இந்தச் சூட்சுமத்தை அலமாரிக்கும் கொண்டு வருவதுதான் நாம் செய்ய வேண்டியது.

உலர்ந்த துணியால் தேய்த்தால்?

பிளாஸ்டிக் சீப்பால் உலர்ந்த தலையை வாரிவிட்டு, காகிதத் துணுக்குகளின் அருகில் கொண்டு போனால் அவை துள்ளி ஒட்டிக்கொள்கின்றன அல்லவா? பிளாஸ்டிக் நாற்காலியையோ, கண்ணாடிச் சட்டத்தையோ, பாலியெஸ்டர் புடவைத் துண்டால் உலர்வாகத் தேய்க்கும்போதும் இதுவே நடக்கிறது. உராய்வினால் பரப்பு மின்னூட்டம் பெறுகிறது. மின்னூட்டம் பெற்ற பரப்பு, அருகில் மிதக்கும் தூசியைத் தன்பால் இழுக்கிறது. துடைக்கத் துடைக்கத் தூசிக்கு அழைப்பு அனுப்புகிறோம்! ஈரத்துணியால் துடைத்தால், நீரின் வழியே மின்னூட்டம் கசிந்து போய்விடும்.

இன்னொரு தீங்கும் உண்டு. மண் துகளில் குவார்ட்ஸ் இருக்கிறது. கடினத்தன்மைக்கான மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. சாதாரணக் கண்ணாடிக்கு ஐந்தரை அளவில்தான். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் உலர்வாகத் தேய்த்தால், இடையில் சிக்கிய குவார்ட்ஸ் துகள் அதில் கீறல் போடும். கண்ணாடி வில்லையைவிட மென்மையான பிளாஸ்டிக் வில்லைக்கு இன்னும் கெடுதல். எங்கள் ஆய்வுக்கூடங்களில் லென்ஸை எடுத்தவுடன் தேய்க்க மாணவர்களை விடமாட்டோம். முதலில் மென்மையான தூரிகையால் துகளை நீக்க வேண்டும். பிறகுதான் துடைக்க வேண்டும். உங்கள் மூக்குக்கண்ணாடியை முதலில் குழாய் நீரில் அலசிவிட்டுப் பிறகு மெல்லத் துடையுங்கள்.

இப்போது கடைகளில் கிடைக்கும் மைக்ரோஃபைபர் துணி, பாலியெஸ்டரையும் பாலியமைடையும் முடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளாகப் பிளந்து நெய்தது. இழை மெல்லியதானால் தூசி தொடும் பரப்பும், நீர் ஏறும் நுண்ணிடைவெளிகளும் மிகுதியாகின்றன. அது இல்லையே என்று வருந்த வேண்டாம். பலமுறை துவைத்து மென்மையான பழைய பருத்தி வேட்டித் துண்டு இந்த வேலையை நன்றாகவே செய்யும்.

சுழலும் விசிறியில் தூசி

மின்விசிறியின் இறக்கை நுனியிலிருந்து எதிர் நுனி வரையான வட்டத்தின் விட்டம் பொதுவாக 1.2 மீட்டர். நிமிடத்துக்கு 300 முறை சுழன்றால், இறக்கை நுனியின் வேகம் மணிக்கு 68 கிலோமீட்டர்! பேருந்து வேகத்தில் ஓடும் இறக்கையில் தூசி எப்படித் தங்குகிறது?

எந்தப் பரப்பையும் ஒட்டியுள்ள காற்று அந்தப் பரப்போடு ஒட்டியே நகர்கிறது. ஆகவே, இறக்கையின் மேல் உட்கார்ந்த துகளைப் பொறுத்தவரை அதைச் சுற்றிலும் காற்று ஏறக்குறைய அசைவற்றது. சற்றுத் தள்ளித்தான் காற்று வேகமாக வீசுகிறது. இந்த மெல்லிய இடைப்படலத்தை எல்லைப்படலம் என்பார்கள். ஜெர்மனியின் பிராண்டல் 1904-ஆம் ஆண்டில் விளக்கிய கருத்து இது. படலத்துக்குள் ஒளிந்துகொள்ளும் அளவுக்குச் சிறிய துகளைக் காற்றால் பெயர்க்க இயலாது. வாயால் ஊதும்போது பெரிய துகள்கள் பறந்து, மெல்லிய மாவுபோன்ற தூசி மட்டும் அசையாமல் இருப்பதும் இதனால்தான்.

ஊதுவதைப் பற்றி ஒரு வரலாற்றுச் செய்தி. 1901-ஆம் ஆண்டை ஒட்டி, அழுத்திய காற்றை ஊதித் தூசியை விரட்டும் எந்திரம் ஒன்றை இங்கிலாந்தின் பொறியாளர் ஹியூபர்ட் பூத் பார்த்தார். தூசி கிளம்பியது; கிளம்பிய தூசி திரும்பவும் படிந்தது. ஊதுவதற்குப் பதிலாக உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நாற்காலியின் மெத்தை மீது கைக்குட்டையை வைத்து, அதன் வழியே வாயால் உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் அடிப்பக்கத்தில் அழுக்கு வட்டம்! அதிலிருந்து பிறந்ததே அவருடைய உறிஞ்சித் துப்புரவு செய்யும் எந்திரம். அவருடைய முதல் எந்திரங்களைக் குதிரை வண்டியில் வைத்துத் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களைச் சன்னல் வழியே வீட்டுக்குள் செலுத்துவார்கள். எறியாதே, பிடி என்ற அதே பாடம்தான் இங்கும்.

வேலையை எளிதாக்கும் வரிசை

இதுவரை அறிந்தவற்றை வீட்டில் பயன்படுத்துவோம்.

1. மின்விசிறியை நிறுத்துங்கள். காற்று அசையாமல் இருந்தால்தான் எழுந்த தூசி இறங்கும். சுத்தம் செய்பவர் மூக்கையும் வாயையும் முகக்கவசத்தாலோ, மடித்த துணியாலோ மூடிக்கொள்ள வேண்டும்.

2. மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் ஒட்டடை, பிறகு விசிறி, பிறகு அலமாரி, மேசை, கடைசியில் தரை. தலைகீழாகச் செய்தால் தரையை இரண்டு முறை பெருக்க வேண்டியதுதான்.

3. ஒட்டடைக் கம்பின் நுனியில் பிழிந்த ஈரத்துணியைச் சுற்றிக் கட்டுங்கள். விளக்குகளையும் மின்கம்பிகளையும் ஈரம் தொடக்கூடாது.

4. விசிறி இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி, இரு பக்கமும் அழுத்தி வெளியே இழுங்கள். தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டிலில் கொட்டாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகே, பெரியவர் ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள இதைச் செய்ய வேண்டும்.

5. துணியை இரண்டு முறை மடியுங்கள். இப்போது மாற்றி மாற்றி மடித்தால் எட்டுப் பக்கங்கள் கிடைக்கும். ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கத்துக்கு மாறுங்கள். எட்டும் முடிந்ததும் அலசிப் பிழியுங்கள். அழுக்கான பக்கத்தால் துடைப்பது தூசியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பூசுவதே ஆகும்.

6. முன்னும் பின்னும் தேய்க்காமல் ஒரே திசையில் மெதுவாக இழுங்கள். வேகமாக வீசினால் துணி எழுப்பும் காற்றே தூசியைக் கிளப்பிவிடும்.

7. மேல்வேலை முடிந்ததும் கால் மணி நேரம் அறையை விட்டு வெளியே இருங்கள். 10 மைக்ரான் துகள்கள் இறங்க ஐந்தரை நிமிடம் ஆகும் என்று கணக்கிட்டோம் அல்லவா? பிறகு தரையைத் துடைத்தால் அவையும் சேர்ந்து அகப்படும். இறுதியில் சன்னல்களைத் திறந்து விடுங்கள். மிதக்கும் நுண்தூசியில் ஒரு பகுதி வெளியேறும்.

8. சமையலறை அலமாரியின் மேல் தூசியோடு எண்ணெயும் சேர்ந்திருக்கும். நீர் மட்டும் எண்ணெயை நனைக்காது. சிறிது சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும்.

9. புத்தகங்களுக்கும் மின்கருவிகளுக்கும் ஈரம் ஆகாது. புத்தகத்தை மூடிப் பிடித்து, சன்னலோரத்தில் மென்மையான தூரிகையால் தள்ளுங்கள்.

10. தலையணையையும் மெத்தையையும் அறைக்குள் தட்டாமல் வெயிலில் போடுங்கள். தூசி உண்ணிகள் வாழ ஈரப்பதம் தேவை. வெயில் அதைப் போக்கும். உறைகளை வெந்நீரில் துவைப்பது இன்னும் நல்லது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னே செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, வாசலில் கால்மிதி போட்டு, செருப்பை வெளியே விடுவது. தெருமண்ணில் ஒரு பங்கு அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது, திறந்த பரப்பைக் குறைப்பது. அலமாரி மேல் பத்துப் பொம்மைகள் இருந்தால் அந்தப் பத்தின் பரப்பையும் துடைக்க வேண்டும். அவற்றைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்தால் ஒரு கதவைத் துடைத்தால் போதும்.

செய்து பாருங்கள்

சோதனை 1: இரவில் அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கின் ஒளிக்கற்றையை அலமாரிக்குக் குறுக்கே செலுத்துங்கள். அலமாரியின் ஒரு பாதியை உலர்ந்த துணியால் தட்டுங்கள். ஒளிக்கற்றையில் என்ன தெரிகிறது? அது அடங்கியபின் மறுபாதியைப் பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள். இரண்டையும் ஒப்பிடுங்கள்.

சோதனை 2: நான்கு கண்ணாடித் தகடுகளில் தேங்காய் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவுங்கள். அலமாரியின் உச்சி, சன்னலோரம், விசிறியின் கீழ், சமையலறை ஆகிய இடங்களில் ஒவ்வொன்றாக வைத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து, தகட்டை வரைபடத் தாளின் மேல் வைத்து, ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை துகள்கள் உள்ளன என்று கைலென்ஸ் மூலம் எண்ணுங்கள். டிண்டாலின் பெட்டி உங்கள் கைக்குள் வந்துவிட்டது! எந்த இடத்தில் மிகுதியோ, அந்த இடத்தை அடிக்கடி துடைத்தால் போதும். எல்லா இடத்தையும் நாள்தோறும் துடைக்கத் தேவையில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

சோதனை 3: இதே தகடுகளை ஒரு வாரம் உலர்ந்த முறையில் தட்டும் அறையிலும், அடுத்த வாரம் ஈரத்துணியால் துடைக்கும் அதே அறையிலும் வைத்து எண்ணுங்கள். முடிவை அட்டவணையாக எழுதி வகுப்பில் படித்துக் காட்டுங்கள்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து 5 மைக்ரான் துகள் இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? (விடை: சுமார் 22 நிமிடம்.)

2. சொட்டும் ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை, உலர்ந்தபின் ஏன் வெளுத்துத் தெரிகிறது?

3. மழைக்காலத்தில் சீப்புச் சோதனை ஏன் சரியாக வருவதில்லை?

தூசியே இல்லாத வீடு உலகில் இல்லை. நாம் நடக்கும் வரை, துணி உடுத்தும் வரை, அடுப்பு மூட்டும் வரை அது வந்துகொண்டேதான் இருக்கும். ஆயினும் பிடித்த தூசியை மறுபடியும் பிடிக்கத் தேவையில்லை. அந்த அளவுக்கு உழைப்பு மிச்சம், மூச்சும் சுத்தம். வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒட்டடைக் கம்பை எடுக்கும்போது, மாணவராயினும் மாணவியாயினும், ஒரு பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு முன்னால் வந்து நில்லுங்கள். அலமாரியின் உச்சியை நீங்கள் துடையுங்கள். ஸ்டோக்ஸின் கணக்கை வேலை முடிந்து காத்திருக்கும் அந்தக் கால் மணி நேரத்தில் அம்மாவுக்குச் சொல்லலாம்!